சமூகமே முன்னின்று நடத்தும் நலவாழ்வு ஆய்வில் கலையைக் கையாளும் முறை

ஆய்வு முடிந்தபின் அதன் முடிவுகளை நாடகமாக நடித்துக் காட்டுவதையே பங்கேற்புக் கலை என்று சிலர் கருதுகின்றனர். என் கணக்கில் அது பரப்புரையே தவிர ஆய்வன்று. எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் முதல் கூட்டத்திலேயே கலை இடம்பெற வேண்டும். அக்கூட்டத்தை ஆய்வுக்குரிய சமூகத்தினரே கூட்ட வேண்டும்.

கேள்விக்கு ஏற்ற கலையைத் தேர்ந்தெடுங்கள். வாழும் சூழலே நோய்க்குக் காரணம் என்று ஐயம் இருந்தால் ஒளிப்படம் பொருந்தும். 1990-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கரோலின் வாங், மேரி ஆன் பர்ரிஸ் இருவரும் சீனாவின் யுனான் மாகாணத்துக் கிராமப் பெண்களிடம் கேமராவைக் கொடுத்து, தம் வாழ்வைத் தாமே படம்பிடிக்கச் செய்து உருவாக்கிய முறை இன்று பல நாடுகளில் வழங்குகிறது. ஒரு சிக்கலுக்கு மாற்று வழிகளை நடித்துப் பார்க்க, பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்டோ போவாலின் மன்ற நாடகம் உதவும். அதில் பார்வையாளரே மேடையேறிக் கதையின் போக்கை மாற்றலாம்.

வெளியில் சொல்லக் கூசும் நோய்களுக்கு உடல் வரைபடம் ஏற்றது. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களிடையே 2000-களின் தொடக்கத்தில் இம்முறை வளர்ந்தது. ஆளுயரத் தாளைத் தரையில் விரித்து, ஒருவர் அதன்மேல் படுக்க, அவர் நம்பும் இன்னொருவர் உடலின் விளிம்பைக் கோடிட வேண்டும். தொடுவதை விரும்பாதவர் தாமே வரைந்துகொள்ளலாம். அந்த உடலுக்குரியவர் உள்ளே வண்ணம் தீட்டியபின் அவரே முதலில் பேச வேண்டும். முழங்காலில் ஒருவர் கறுப்பைத் தீட்டினால் அதை மூட்டுவலி என்று நாமாகக் குறித்துக்கொள்ளக் கூடாது. மருந்துக்காக வரிசையில் நின்ற பொழுதுகளை அவர் தீட்டியிருக்கலாம். படமும் அதைப் பற்றிய பேச்சும் சேர்ந்ததே தரவு என்பதால், அவர் சொன்ன சொற்களை அவருடைய மொழியிலேயே பதிந்து, மொழிபெயர்ப்பை அருகில் வையுங்கள். பழைய துயரம் கிளறப்படக்கூடும். மனநல ஆலோசகர் ஒருவர் அருகில் இருப்பது கட்டாயம்.

ஒப்புதலை இருமுறை பெறுங்கள்: தொடங்கும் முன் ஒருமுறை, படைப்பு உருவானபின் மறுமுறை. குழுவுக்குள் காட்டவும், ஆய்விதழில் வெளியிடவும், கண்காட்சியில் வைக்கவும் தனித்தனியே கேட்க வேண்டும். முகத்தை மறைத்தால் போதும் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கதவோ கைத்தழும்போ ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

படைப்புகளை வகைப்படுத்தும் வேலையும் பங்கேற்பாளர்களுடையதே. அதற்குச் செலவாகும் நேரத்துக்கு ஊதியத்தை முன்கூட்டியே நிதித் திட்டத்தில் ஒதுக்குங்கள். மூலப் படைப்பு அதை உருவாக்கியவரிடமே இருக்கட்டும். வெளியீட்டுக்குமுன் அவர் அதைத் திரும்பப் பெற விரும்பினால், அறிக்கையின் வலுவான சான்று அதுவேயானாலும், நீக்கிவிடுங்கள்.