புகைக்கிற ஆக்களின்ர சாப்பாட்டுக் கோப்பையில நடக்கிற பிழையள்

விடியக் காலமை ஒரு பிளேன்டி, ஒரு சிகரெட். பத்து மணிக்குத் தேத்தண்ணிக் கடையில திரும்பவும் அதே, கூட ஒரு றோல்ஸோ வடையோ. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வயலுக்கும் மேசன் வேலைக்கும் போற கன ஆம்பிளையளுக்கு மத்தியானச் சோறு வரைக்கும் இதுதான் சாப்பாடு. கேட்டா பசிக்கேல்ல எண்டு சொல்லுவினம், அது பொய்யில்லை, நிக்கொட்டின் பசியை அமத்தும். ஆனா பசிக்கேல்ல எண்டா உடம்புக்குத் தேவையில்லை எண்டு நினைக்கிறதுதான் முதல் பிழை.

15 நாடுகளில எடுத்த 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 1998இல ஒரு கணக்கு வந்தது. புகைக்கிறவை மொத்தத்தில குறையச் சாப்பிடேல்ல, புகைக்காதவையை விடக் கலோரி கிட்டத்தட்ட 5 வீதம் கூடத்தான். கூடினது கெட்ட கொழுப்பும் மதுவும், குறைஞ்சது நார்ச்சத்தும் விற்றமின் ஈயும் விற்றமின் சியும். விற்றமின் சி மட்டும் 16 வீதமளவில குறைவு. இதில கவலையான விசயம் என்னெண்டா புகை போகிற உடம்பு விற்றமின் சியைக் கெதியாச் செலவழிக்குது, அதால புகைக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு 35 மில்லிகிராம் கூட வேணும் எண்டு அமெரிக்காவில 2000ஆம் ஆண்டே சிபாரிசு செய்திட்டினம், அதாவது ஆம்பிளைக்கு 90 இல்லை, 125. கூடத் தேவைப்படுற ஆள்தான் குறையச் சாப்பிடுறார்.

உதுக்கு ரவுனில அப்பிளும் தோடம்பழமும் விலை குடுத்து வாங்கினாத்தான் சரி எண்டு நினைக்கிறதும் பிழை. வளவில நிக்கிற கொய்யா காணும், ரெண்டு பழம் இந்தக் கணக்கை முடிச்சிடும். நெல்லிக்காயும் நல்லது. தேசிக்காயைக் கறி கொதிக்கேக்க விடாதேங்கோ, சூட்டில விற்றமின் சி போயிடும், அடுப்பால இறக்கின பிறகு பிழியுங்கோ. வல்லாரையைப் பச்சையாச் சம்பல் போடுங்கோ. முருங்கையிலை வறையில விற்றமின் சி கொஞ்சம் குறைஞ்சாலும் மற்றச் சத்துகள் கிடக்கு, அதை விடாதேங்கோ.

அடுத்தது குளிசை. புகைக்கிற ஆளுக்குச் சத்துக் குறைவெண்டு கேள்விப்பட்ட உடன மனிசி பாமசிக்குப் போய் ஏதோ விற்றமின் போத்தல் ஒண்டு வாங்கி வாறா, பாசத்திலதான், ஆனா இது ஆபத்து. பின்லாந்தில புகைக்கிற ஆம்பிளையள் 29,133 பேரை வைச்சுச் செய்த பரிசோதனையில பீற்றா கரட்டீன் (உடம்பில விற்றமின் ஏயா மாறிற சத்து) குளிசை எடுத்தவைக்கு நுரையீரல் புற்றுநோய் 18 வீதம் கூட வந்தது, 1994இல அந்த முடிவு வெளியானது. அமெரிக்காவில நடந்த இன்னொரு பரிசோதனையை இதே காரணத்துக்காக 1996இல இடையில நிப்பாட்டினவை. பப்பாப்பழம், கரட், பூசணிக்காய் எண்டு சாப்பாடாப் போறதுக்குப் பயப்பிடத் தேவையில்லை, டொக்டரைக் கேக்காமல் குளிசை மட்டும் வேண்டாம்.

இரத்தம் சோதிச்சு ஹீமோகுளோபின் (இரத்தத்தில ஒட்சிசனைக் காவிற இரும்புச்சத்துள்ள பொருள்) நல்லாக் கிடக்கு எண்டு சந்தோசப்படுறவையும் கொஞ்சம் பாக்கோணும். புகையில இருக்கிற காபன் மொனொக்சைட் ஹீமோகுளோபினைப் பிடிச்சு வைக்க, உடம்பு அதை ஈடுகட்டக் கூட உற்பத்தி செய்யும், றிப்போட்டில இலக்கம் வடிவாத் தெரியும், உள்ளுக்க இரும்புச்சத்துக் குறைஞ்சிருக்கலாம். ரெஸ்ற் எடுக்கேக்க புகைக்கிறதை மறைக்காமல் சொல்லுங்கோ. சோறு சாப்பிட்ட கையோட பிளேன்டி குடிச்சா கீரையிலயும் பருப்பிலயும் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில குறையத்தான் சேரும், ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கோ.

மரவள்ளியைப் பற்றியும் சொல்லோணும், எங்கட பக்கம் அது அடிக்கடி சாப்பிடுறது. புகையிலயும் சயனைட் கிடக்கு, மரவள்ளியிலயும் கிடக்கு, ரெண்டும் உடம்பில தயோசயனேற் எண்ட பொருளா மாறி, கழுத்தில இருக்கிற தைரொயிட் சுரப்பி அயடீனை எடுக்கிறதுக்கு இடைஞ்சல் குடுக்கும். தோலை நல்லாச் சீவி, மூடாமல் அவிச்சு, தண்ணியை ஊத்திப் போட்டுச் சாப்பிடுங்கோ, அயடீன் உப்பை மூடி வையுங்கோ.

இதெல்லாம் செய்தா புகைக்கலாம் எண்டு ஆரும் எடுக்கக் கூடாது, எந்தப் பழமும் புகையை ஈடுகட்டாது. வீட்டுக்குள்ள பத்திற ஆக்கள் இதையும் கேளுங்கோ: பக்கத்தில இருந்து அந்தப் புகையைச் சுவாசிக்கிற சின்னப் பிள்ளையளின்ர இரத்தத்திலயும் விற்றமின் சி குறையுது. பிள்ளை ஒண்டும் பத்தேல்ல.

விட்டவை செய்யிற பிழை வேற. நாக்கு ருசி திரும்பி வர வாய் சும்மா இராது, ரொஃபியும் ரின்பால் தேத்தண்ணியும் கேக்கும், முதல் வருசத்தில சராசரியா 4, 5 கிலோ கூடும், அதைப் பாத்துப் பயந்து திரும்பப் பத்திற ஆக்கள் இருக்கினம். தயவு செய்து அதைச் செய்யாதேங்கோ, அந்த நிறை பிறகு மெல்ல மெல்லக் குறைக்கலாம். சேர்ட் பொக்கற்றில சிகரெட் பெட்டி இருந்த இடத்தில வறுத்த கச்சான் ஒரு சரையைப் போட்டுக் கொண்டு போங்கோ, விற்றமின் ஈயும் அதில கிடக்கு, கைக்கும் வாய்க்கும் வேலையும் கிடக்கும்.