காட்டில் பட்டாம்பூச்சி பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் 330-க்கும் மேற்பட்ட பட்டாம்பூச்சி இனங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்தைத் தாண்டி, கல்லாறு பக்கம் ஒரு காலைப்பொழுது நடந்துவந்தாலே அவற்றில் கணிசமானவற்றைப் பார்த்துவிடலாம். அதனால்தான் வார இறுதி நடைகளில் “இன்று எத்தனை?” என்பதே முதல் கேள்வியாகிவிடுகிறது. எழுபது என்று ஒருவர் சொன்னால், அடுத்த வாரம் எழுபத்தைந்து காட்ட இன்னொருவர் கிளம்புகிறார். போட்டியில் தவறில்லை, ஆர்வத்தை வளர்க்கும். ஆனால் அந்தக் காடு தேய்கிறதா தேறுகிறதா என்று ஐந்தாறு ஆண்டு கழித்துக் கேட்பவருக்கு வெறும் எழுபத்தைந்தால் ஒரு பயனும் இல்லை. அவர் அதே பாதையில், அதே பருவத்தில், அதே அளவு நேரம் நடந்து ஒப்பிட வேண்டும். அதற்கு வழிவிடாத பட்டியல் எவ்வளவு நீண்டாலும் பொழுதுபோக்குக் குறிப்புதான்.

முதலில் விடுபடுவது உழைப்பின் கணக்கு. எப்போது தொடங்கி எப்போது முடித்தீர்கள், எத்தனை பேர் பார்த்தார்கள், எங்கிருந்து எங்கு வரை நடந்தீர்கள், வெயிலா மேகமூட்டமா என்ற நான்கு வரி பெரும்பாலான பட்டியல்களில் இருப்பதில்லை. எட்டுப் பேர் நாள் முழுவதும் தேடிக் கண்ட ஐம்பது இனமும், ஒருவர் இரண்டு மணி நேரத்தில் கண்ட ஐம்பது இனமும் ஒன்றல்ல. இரண்டாவது காடு பல மடங்கு வளமாக இருக்கக்கூடும். இதோடு ஒட்டிப் பிறந்தது இன்னொரு தவறு: ஒன்றும் தேறாத நடையைப் பதியாமலே விடுவது. மூன்று இனம் மட்டும் பார்த்த நாளும் தரவுதான். நல்ல நாட்களை மட்டும் சேர்த்து வைத்தால் எந்தக் காடும் செழிப்பாகத்தான் தெரியும்.

அடுத்தது, “இதுதானே” என்று கடந்துபோகும் பழக்கம். காமன் எமிகிரன்ட், கிராஸ் யெல்லோ போன்றவற்றை யாரும் எண்ணுவதில்லை, படமும் எடுப்பதில்லை. அரியவற்றுக்கு நூறு படம், சாதாரணமானவற்றுக்கு ஒரு வரி கூட இல்லை. அரிய இனம் ஓராண்டு கண்ணில் படாமல் போனால் அது தற்செயலாகவும் இருக்கலாம். நூற்றுக்கணக்கில் பறந்தது பத்தாகக் குறைந்தால் அது தற்செயல் என்று ஒதுக்க முடியாது. எண்ணி வைத்தவருக்குத்தான் அது தெரியும்.

பாதையோரத்தைக் காடு என்று நினைப்பது

பெரும்பாலான பதிவுகள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: வண்டிப்பாதை, ஓடைக்கரை ஈரமணல், உன்னி (லன்டானா) புதர். மூன்றும் பட்டாம்பூச்சியைக் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்துகின்றன. மூன்றும் ஏமாற்றவும் செய்கின்றன. ஈரமணலில் உப்புச்சத்து உறிஞ்ச இறங்குபவை பெரும்பாலும் ஆண்கள். பெண்கள் அந்த நேரத்தில் முட்டையிட ஏற்ற இலையைத் தேடிக் காட்டுக்குள் அலைந்துகொண்டிருக்கும். ஓடைக்கரையில் மட்டும் நின்று எழுதிய கணக்கில் பாதிக் குடும்பம் காணாமல் போகிறது.

உன்னிச்செடி இன்னும் மோசம். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் காடுகளை ஆக்கிரமித்த செடி அது. ஆண்டின் பெரும்பகுதி பூத்துக் கிடப்பதால் பட்டாம்பூச்சிகள் தேனுக்கு மொய்க்கும். ஆனால் நம் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் பெரும்பாலும் அதன் இலையைத் தொடுவதில்லை. உன்னிப்பூவில் ஒரு பட்டாம்பூச்சியைப் பார்த்தால், அது பசித்து வந்தது என்று மட்டும்தான் சொல்ல முடியும். அங்கே வாழ்கிறது, இனம் பெருக்குகிறது என்று எழுத அது சான்றாகாது.

கிலுகிலுப்பை காய்ந்து கிடக்கும் இடத்தில் ஒருமுறை குனிந்து பாருங்கள். ப்ளூ டைகர், டார்க் ப்ளூ டைகர் என்ற பட்டாம்பூச்சிகள் பூக்களை விட்டுவிட்டு, வாடிய இலையிலும் முறிந்த தண்டிலும் உறிஞ்சுகுழலை நீட்டிக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். குழலின் வழியே சிறு துளியைக் கசியவிட்டு, காய்ந்த பரப்பை நனைத்து, கரைந்து வருவதை மீண்டும் இழுத்துக்கொள்ளும். அந்த மும்முரத்தில் ஆள் நெருங்கினாலும் லேசில் எழாது. அவை தேடி வந்தது செடியிலுள்ள ஆல்கலாய்டு என்ற கசப்பு வேதிப்பொருளை. ஆண்கள் பெண்ணைக் கவரும் மணத்தை அதிலிருந்துதான் உண்டாக்குகின்றன, எதிரிக்குக் கசப்பதற்கும் அது உதவுகிறது. தேள்கொடுக்குச் செடியிலும் இதே காட்சியைக் காணலாம். இப்படி ஒரே புதரில் கூடிய கூட்டத்தைப் பாதை முழுவதற்குமான கணக்கில் சேர்த்துவிட்டால், அந்தக் காட்டில் டைகர்கள் எங்கும் நிறைந்திருப்பதாகப் பொருளாகிவிடும். கூட்டத்தைத் தனியே எண்ணி, எந்தச் செடியில் என்றும் எழுத வேண்டும்.

தலைக்கு மேலே இருப்பதைப் பற்றிப் பலரும் யோசிப்பதே இல்லை. மரங்களின் மேலடுக்கிலேயே பெரும்பாலும் உலவும் இனங்கள் உண்டு. அழுகிய பழத்துக்கு வரும் ராஜா, நவாப் வகைகளைப் பழப்பொறி வைத்தால்தான் ஒழுங்காக எண்ண முடியும். பொறியைத் தரையருகே மட்டும் தொங்கவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது, மேலேயும் ஒன்று வேண்டும். பொறிக்கு வனத்துறை அனுமதி அவசியம். எல்லாப் பொறியிலும் ஒரே அளவு புளித்த வாழைப்பழம் வைத்து, சிக்கியவற்றை நாள்தோறும் திறந்துவிட வேண்டும், இல்லையென்றால் எறும்புக்குத்தான் விருந்து.

கடன் வாங்கிய கடிகாரம்

ஒரே பாதையில் வாரந்தோறும் சீரான நடையில் சென்று, தமக்கு முன்னால் ஐந்து மீட்டர் அளவுள்ள கற்பனைப் பெட்டிக்குள் வருவதை மட்டும் எண்ணும் முறையை இங்கிலாந்தில் எர்னி பொல்லார்ட் வகுத்தார். 1976 முதல் அந்நாட்டின் கண்காணிப்புத் திட்டம் அதைப் பின்பற்றுகிறது. எளிமையான, உறுதியான முறை. பிழை எங்கே வருகிறது என்றால், அந்நாட்டுக்கு வகுத்த காலை 10:45 முதல் பிற்பகல் 3:45 வரை என்ற நேரத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்வதில். அது குளிர்நாட்டுச் சூரியனுக்குப் போட்ட கணக்கு. நம் மலையடிவாரத்தில் காலை எட்டரைக்கே சிறகுகள் சூடேறிவிடும். சித்திரை நடுப்பகலில் பலவும் நிழலில் ஒதுங்கிவிடும். மேலே சோலைக்காடுகளில் மதியத்துக்குப் பின் மூடுபனி இறங்கிவிட்டால் நடையே வீண்.

விடியலிலும் அந்தியிலும் பறப்பவை வேறு இருக்கின்றன. திருவாங்கூர் ஈவினிங் பிரவுன் தென்பகுதி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. ஓடையோர நாணல்மூங்கில் புதர்களை ஒட்டி வாழ்வது, மங்கிய ஒளியில் வெளிவருவது. பத்து மணிக்கு நடை தொடங்குபவர் ஆயுளுக்கும் அதைப் பார்க்காமல் போகலாம். அவர் அறிக்கையில் “இல்லை” என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். “அந்த நேரத்தில் தேடவில்லை” என்பதே நேர்மையான பதிவு.

மாதமும் முக்கியம். தென்னிந்தியாவில் டைகர், க்ரோ வகைகள் பருவமழையை ஒட்டி மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்கே உள்ள சமவெளி, மலைகளுக்கும் இடையே பெருங்கூட்டமாக இடம்பெயர்கின்றன. அந்த வாரத்தில் எடுத்த எண்ணிக்கையையும், வலசை முடிந்த பின் எடுத்ததையும் அருகருகே வைத்து “எண்பது சதவீதம் சரிவு” என்று தலைப்புப் போட்டால் செய்தித்தாளுக்கு நன்றாக இருக்கும். காட்டைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது.

பெயரில் அவசரம்

காமன் மார்மன் பெண் ஆணைப் போலவும் இருக்கும், காமன் ரோஸ் போலவும் இருக்கும், கிரிம்சன் ரோஸ் போலவும் இருக்கும். டனாய்ட் எக்ஃபிளை பெண், வெந்தய வரியனை (ப்ளெயின் டைகர்) அப்படியே நகலெடுத்திருக்கும். காமன் ஈவினிங் பிரவுன் மழைக்காலத்தில் சிறகடியில் கண்புள்ளிகளோடும், வறட்சியில் அவை மங்கி, காய்ந்த சருகாகவும் தோன்றும். புதியவர் பலர் இதை இரண்டு இனமாகவே எழுதிவிடுகிறார்கள். செல்பேசிச் செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்பது இப்போது பெருகிவரும் நோய். கிராஸ் ஸ்கிப்பர்களிலும் சிறு நீலங்களிலும் ஒரு படத்தை வைத்துத் தேர்ந்தவர்களே தயங்குவார்கள். மேல்சிறகு, அடிச்சிறகு இரண்டுக்கும் படம் வேண்டும். உறுதி இல்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அரைகுறைப் பெயர் ஒரு தரவுத்தளத்தில் ஏறிவிட்டால் அதை இறக்குவது எளிதல்ல.

இனங்களின் எண்ணிக்கை கூடினால் காடு நலம் என்று முடிவுகட்டுவது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அடர்ந்த சோலையை வெட்டிச் சாலை போட்டால் வெயில் விழும், களை முளைக்கும், வெட்டவெளி இனங்கள் புகும். பட்டியல் நீளும். நிழலை நம்பி வாழும் ரெட்-டிஸ்க் புஷ்பிரவுன், மலபார் ட்ரீ நிம்ஃப் போன்ற இம்மலைக்கே உரியவை அதற்குள் ஒதுங்கியிருக்கும். நீலகிரியில் இதன் மறுபக்கமும் உண்டு. நீலகிரி க்ளவுடட் யெல்லோவுக்குத் தேவை மலைப்புல்வெளி. அங்கே வாட்டில் என்ற அயல்நாட்டு மரத்தையும் கற்பூர மரத்தையும் நட்டுப் “பசுமை கூடியது” என்றார்கள். ஆகவே எத்தனை இனம் என்பதோடு, எவை இம்மலைக்கே உரியவை, எவை ஊர்த் தோட்டத்திலும் பறப்பவை என்றும் பிரித்து எழுத வேண்டும்.

இலையைப் பார்க்காத பதிவும் குறைப்பதிவுதான். 2019-இல் தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்ட தமிழ் மறவனின் புழு நீரடிமுத்து இலையைத் தின்று வளர்வது. சதர்ன் பேர்ட்விங்குக்கு ஈஸ்வரமூலிக் கொடியும் அதன் உறவுச் செடிகளும் வேண்டும். முட்டை, புழு, அது இருந்த செடி என்ற மூன்றும் கிடைத்தால், அந்த ஒரு வரி பறக்கும் பட்டாம்பூச்சியின் பத்துப் படத்துக்குச் சமம். கொடியை அடையாளம் காட்டிய பழங்குடி வழிகாட்டியின் பெயரை, அவர் சம்மதித்தால், அறிக்கையில் சேர்க்கவும் தயங்க வேண்டாம்.

சட்டத்தைப் பொறுத்தவரை சுருக்கமாக: காப்புக்காட்டுக்குள் நுழையவே அனுமதி வேண்டும், வலை வீசுவது வேறு கதை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தபோது பாதுகாக்கப்பட்ட இனங்களின் அட்டவணைகள் மாறிவிட்டன, பழைய பட்டியலை நம்ப வேண்டாம். அரிய இனத்தின் துல்லியமான இடத்தைப் பொதுவெளியில் இடுவது சேகரிப்போருக்கு வழிகாட்டுவதாகும். ஐநேச்சுரலிஸ்ட் போன்ற இயற்கைப் பதிவுத் தளங்கள் அழிவுநிலை அறிவிக்கப்பட்ட இனங்களின் இடத்தைத் தாமே மறைக்கும். ஆனால் நம் பட்டாம்பூச்சிகள் பலவும் அழிவுநிலையைக் கணிக்கும் ஐயுசிஎன் சிவப்புப் பட்டியல் மதிப்பீட்டுக்கே வராதவை. மறைக்கும் பொத்தானை நீங்கள்தான் அழுத்த வேண்டும்.

கடைசியாக, வேலை இப்போது அவசரமாக இருப்பதற்கு ஒரு காரணம். அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் கொள்கை வகுத்தது, உன்னியும் வாட்டிலும் பல இடங்களில் அகற்றப்படுகின்றன. உன்னி போன இடத்தில் தேன் குறைவதால் பட்டாம்பூச்சி எண்ணிக்கை முதலில் இறங்கக்கூடும். அகற்றுவதற்கு முந்தைய பதிவு உன்னிப்புதரில் மட்டும் எடுத்ததாக இருந்தால், மீட்புப் பணி பட்டாம்பூச்சிகளை விரட்டிவிட்டது என்று ஒருவர் எழுதுவார், அதை மறுக்கவும் தரவு இருக்காது. பணி தொடங்குமுன், புதருக்குள்ளும் சோலைக்குள்ளும் புல்வெளியிலும் தனித்தனிப் பாதை வகுத்து, இரண்டு பருவமாவது நடந்து, அந்தத் தாள்களின் ஒரு படியை அந்த வனக்கோட்ட அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.