செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி தினமும் ஓட்டணுமா? வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

முதல்ல ஒண்ணு மண்டையில ஏத்திக்கோங்க. பழைய ஸ்போர்ட்ஸ் காரோட விலை தான் வருஷா வருஷம் இறங்கும், அதை வச்சுக்குற செலவு இறங்கவே இறங்காது. புதுசா வந்தப்போ பெரிய பணக்காரங்க மட்டும் வாங்கின கார் இன்னிக்கு சாதாரண குடும்ப கார் விலைக்கு நிக்குதுன்னு வாயைப் பொளக்காதீங்க, அதோட பிரேக் டிஸ்க்கும் கிளட்ச்சும் டயரும் இன்னும் அந்த பணக்கார விலையில தான் இருக்கு. அதனால கையில இருக்குற காசு மொத்தத்தையும் காருலயே கொட்டிட்டு வந்துராதீங்க. என் கணக்கு என்னன்னா, அஞ்சுல ஒரு பங்கை தனியா ஒதுக்கி வச்சுட்டு மீதிக்கு தான் கார் தேடணும். அந்த ஒரு பங்கு முதல் வருஷமே காலியாகிடும், ஏன்னா விக்கிறவர் எந்தெந்த வேலையை எல்லாம் "அப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டாரோ அதெல்லாம் உங்க தலையில தான் விடியும்.

அடுத்து, கம்மியா ஓடின கார் தான் நல்ல கார்னு ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, அதை தூக்கி ஓரமா வைங்க. 15 வருஷத்துல 20,000 கிலோமீட்டர் தான் ஓடிருக்குன்னு பெருமையா சொல்லுவாங்க, சும்மா நின்ன காருல ரப்பர் சீல் எல்லாம் காய்ஞ்சு போயிருக்கும், டேங்க்ல பெட்ரோல் கெட்டுப் போயிருக்கும், எப்பவாச்சும் ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்ணிருப்பாங்க, அப்போ ஆயில்ல சேர்ந்த ஈரம் ஆவியாகாம அப்படியே தங்கிடும். இதை வாங்கி தினமும் ஓட்ட ஆரம்பிச்சீங்கன்னா மூணே மாசத்துல ஒவ்வொரு இடமா ஒழுக ஆரம்பிக்கும். அதே வயசுல 90,000 ஓடி, பில் எல்லாம் ஒழுங்கா ஃபைல் போட்டு வச்சிருக்குற காரை நான் கண்ணை மூடிட்டு எடுப்பேன்.

எந்த கார்ங்கறது உங்க ஆசை, ஆனா தினமும் ஓட்டணும்னா எஞ்சினை விட கியர்பாக்ஸை தான் முதல்ல பாக்கணும். 2000-கள்ல வந்த ஒத்த கிளட்ச் ஆட்டோமேட்டட் பாக்ஸ் இருக்குல்ல, பிஎம்டபிள்யூ எஸ்எம்ஜி, ஃபெராரி எஃப்1, லம்போர்கினி ஈ-கியர் வகையறா, அதெல்லாம் டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போனா கிளட்சை தின்னுடும். உள்ள இருக்குறது சாதா மேனுவல் கிளட்ச் தான், பெடலை மிதிக்குற வேலையை மட்டும் ஒரு ஹைட்ராலிக் பம்ப் செய்யுது, நீங்க பிரேக்ல இருந்து காலை எடுத்து எடுத்து நகர்த்துற ஒவ்வொரு தடவையும் அது ஸ்லிப் ஆகுது. இந்த மாதிரி கார் வாங்குறீங்கன்னா கிளட்ச் எவ்வளவு தேஞ்சிருக்குன்னு ஸ்கேனர் போட்டுப் பாக்காம பேசவே பேசாதீங்க. டூயல் கிளட்ச் பரவாயில்லை, ஆனா அதோட ஆயிலையும் ஃபில்டரையும் நேரத்துக்கு மாத்திருக்காங்களான்னு பில் கேளுங்க. மேனுவல்னா கவலை கம்மி, இடது கால் தான் வலிக்கும்.

இப்போ ஒவ்வொரு காருக்கும் ஒரு ஜாதக தோஷம் உண்டு, அது தெரியாம போய் மாட்டிக்காதீங்க. போர்ஷே 911-ல 996 மாடலும், 2008 வரைக்கும் வந்த 997-ம் எடுத்துக்கிட்டா ஐஎம்எஸ் பேரிங்னு ஒண்ணு, எஞ்சினுக்குள்ள ஒரு துணை ஷாஃப்ட்டைத் தாங்குறது, அது போச்சுன்னா எஞ்சினே போச்சு, அதுக்கு மேல சிலிண்டர் சுவத்துல கீறல் விழுற பிரச்சனையும் இருக்கு, போரோஸ்கோப்னு ஒரு குட்டிக் குழாய் கேமராவை உள்ள விட்டுப் பாத்தா தான் தெரியும். அந்த காலத்து டர்போவும் ஜிடி3-யும் வேற எஞ்சின், அதுல இந்த தொல்லை கிடையாது, 2009 மாடல்ல இருந்து சாதா 911-லயும் அந்த பேரிங்கையே எடுத்துட்டாங்க. பிஎம்டபிள்யூ ஈ46 எம்3-ன்னா பின்னாடி சப்ஃபிரேம், அதாவது பின்சக்கர அமைப்பைத் தாங்குற சட்டம், மாட்டுற இடத்துல பாடி தகடு விரிசல் விடும், காரை லிஃப்ட்ல ஏத்தி டார்ச் அடிச்சுப் பாருங்க. அதுக்கு அடுத்து வந்த வி8 எம்3-ல பிரச்சனை ராட் பேரிங், பிஸ்டன் ராடும் கிராங்க் ஷாஃப்ட்டும் சேர்ற இடத்துல இருக்குறது, விவரம் தெரிஞ்சவங்க அது சத்தம் போடுற வரைக்கும் காத்திருக்காம முன்கூட்டியே மாத்திடுவாங்க. ஆடி ஆர்8 வி8-ல பெட்ரோல் நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுறதால இன்டேக் வால்வுல பெட்ரோல் படவே படாது, கழுவி விட ஆள் இல்லாம கரி கட்டி பவர் குறையும், வால்நட் ஓட்டுத் தூளை காத்துல அடிச்சு சுத்தம் பண்ணுவாங்க. மஸ்டா ஆர்எக்ஸ்-8 ரோட்டரி எஞ்சின், ஆயில் குடிக்குறது அதோட டிசைன், அது கோளாறு இல்ல. ஆனா அதை குளிர்ந்து இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி ரெண்டடி நகர்த்திட்டு ஆஃப் பண்ணீங்கன்னா பெட்ரோல் நிறைஞ்சு மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஃபெராரி 355-ன்னா டைமிங் பெல்ட் மாத்த எஞ்சினையே கீழ இறக்கணும், எஃப்430-ல செயின் வந்துடுச்சு, தினசரி ஓட்டுறவனுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும். ஹோண்டா எஸ்2000, டொயோட்டா எஞ்சின் போட்ட லோட்டஸ் எலீஸ் எல்லாம் எஞ்சின் விஷயத்துல சாது, ஆனா எலீஸோட முன்பக்க பாடி முழுசும் ஒரே பெரிய பீஸ், பார்க்கிங்ல எவனாச்சும் லேசா இடிச்சா கூட பில் லேசா வராது.

பாக்கப் போகும்போது விக்கிறவர்கிட்ட "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க"ன்னு சொல்லிட்டு போங்க, போனதும் எஞ்சின் மூடியில கை வைங்க, சூடா இருந்தா ஏன் சூடா இருக்குன்னு யோசிங்க. பாதி குறை எல்லாம் காலையில முதல் ஸ்டார்ட்ல தான் வாயைத் திறக்கும், செயின் சத்தம், புகை, ஐடில் ஆட்டம் எல்லாமே. 911 மாதிரி படுத்த சிலிண்டர் எஞ்சின்ல முதல்ல ஒரு நொடி நீலப் புகை விட்டா பயப்படாதீங்க, ராத்திரி கொஞ்சம் ஆயில் உள்ள கசிஞ்சிருக்கும், ஆனா வெள்ளைப் புகை நிக்காம மேகம் மாதிரி வந்தா அது வேற கதை. அப்புறம் ஈசியூ-வை, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரை, ஸ்கேன் பண்ணி ஓவர் ரெவ் பதிவைக் கேளுங்க, எஞ்சின் அளவுக்கு மீறி சுத்தின கணக்கு அது. ரெவ் லிமிட்டர் இருக்கே அப்புறம் என்னன்னு நினைப்பீங்க, அது நீங்க ஆக்சிலரேட்டரை மிதிக்கறப்போ தான் காப்பாத்தும், அஞ்சுல இருந்து நாலுக்குப் போக நினைச்சு தப்பா ரெண்டுல போட்டா சக்கரமே எஞ்சினை இழுத்து சுத்த வச்சிடும், அதை எந்த லிமிட்டரும் தடுக்காது. போர்ஷேல இது எவ்வளவு மீறிச்சுங்கறதை வச்சு ரேஞ்ச் ரேஞ்சா பிரிச்சு, எஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடினப்போ நடந்துச்சுங்கறது வரை பதிவாகியிருக்கும். கடைசியா, அந்த மாடல் மட்டுமே பாக்குற ஒரு ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காசு குடுத்து செக் பண்ணுங்க, விக்கிறவர் கை காட்டுற ஆள் வேண்டாம், நீங்களே தேடுன ஆள்.

சரி, வாங்கியாச்சு. இனிமே தான் மேட்டரே. தினமும் ஓட்டுற ஸ்போர்ட்ஸ் கார் சாகுறது வேகத்துல இல்ல, முதல் பத்து நிமிஷத்துல தான். ஸ்டார்ட் பண்ணி வீட்டு வாசல்லயே நிறுத்தி வச்சு சூடாக்குறது வேஸ்ட், ஐடில்ல எஞ்சின் மெதுவா தான் சூடாகும், அந்த நேரத்துல பெட்ரோல் அதிகமா போய் சிலிண்டர் சுவத்துல இருக்குற ஆயிலைக் கழுவும். அரை நிமிஷம் விட்டுட்டு கிளம்புங்க, ஆனா பூனை மாதிரி போங்க. தண்ணி டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்ததும் ரெடின்னு நினைக்குறது தான் எல்லாரும் பண்ற தப்பு, ஆயில் அதுக்கும் ரொம்ப நேரம் கழிச்சு தான் சூடாகும், ஆயில் கேஜ் இருந்தா 80 டிகிரி தாண்டுற வரைக்கும் பாதி ரெவ்வுக்கு மேல போகாதீங்க. அந்த வி8 எம்3-யும் ஈ46 எம்3-யும் 10டபிள்யூ-60 ஆயில் குடிக்குற ஜாதி, அந்த கெட்டி ஆயில் குளிர்ல தேன் மாதிரி இருக்கும், அந்த நிலையில 8,000 சுத்த வச்சா பேரிங் என்ன பண்ணும் சொல்லுங்க. அதே மாதிரி உங்க ஆஃபீஸ் பக்கத்துலயே, நாலு கிலோமீட்டர்தான்னா, தயவு செஞ்சு வேற வண்டியில போங்க, இல்ல வாரத்துக்கு ரெண்டு நாளாவது சுத்தி வளைச்சு அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க. (இதுக்கு வீட்டுல திட்டு விழும், எனக்கு விழுந்துச்சு, மெடிக்கல் காரணம் மாதிரி சொல்லி சமாளிச்சேன்.)

ஆயில் லெவலை வாரா வாரம் பாருங்க. இந்த கார்ல பல எஞ்சின் ஆயில் குடிக்கும், வார்னிங் லைட் வந்ததுக்கு அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தா லேட். புத்தகத்துல 25,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துன்னு போட்டிருந்தா கண்டுக்காதீங்க, நான் 8,000-ல இல்லன்னா வருஷத்துல ஒரு தடவை, எது முன்னாடி வருதோ அப்போ மாத்திடுவேன், பழைய ஃபில்டரை வெட்டிப் பாக்கச் சொல்லுவேன், மடிப்புக்குள்ள மினுமினுன்னு உலோகத் தூள் இருந்தா அது எஞ்சின் எழுதுன லெட்டர்.

டயர் கதை தான் எனக்கு வலிச்ச கதை. வாங்கி ஆறு மாசம், வெளிப்பக்கம் பாத்தா பட்டன் எல்லாம் நல்லா இருந்துச்சு, மழை நாள்ல பின்பக்கம் அப்படியே வழுக்கிட்டுப் போச்சு, நல்ல வேளை ரோட்ல யாரும் இல்ல. லிஃப்ட்ல ஏத்திப் பாத்தா உள்பக்க ஓரம் நூல் தெரியுது. இந்த கார்கள்ல சக்கரத்தோட மேல்பக்கம் உள்ளே சாய்ஞ்சிருக்குற மாதிரி தான் செட் பண்ணுவாங்க, அதனால உள்ஓரம் தான் முதல்ல தேயும், குனிஞ்சு கை விட்டு தடவிப் பாக்கணும், நின்னபடி பாத்தா தெரியாது. வயசும் முக்கியம், டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சது, ஆறு வருஷம் தாண்டிட்டா பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாத்திடுங்க, ரப்பர் கல்லாகியிருக்கும். சம்மர் டயர்னா வெளிய 7 டிகிரிக்குக் கீழ போனா பிடிமானம் போயிடும், குளிர் ஊர்ல இருக்குறவங்க ரெண்டு செட் வச்சே ஆகணும். நாலு சக்கரமும் இழுக்குற காருன்னா, நிசான் ஜிடி-ஆர், 911 டர்போ மாதிரி, பஞ்சர்னு ஒரே ஒரு டயரை மட்டும் புதுசா போடாதீங்க, டயர் சைஸ்ல வர்ற சின்ன வித்தியாசமே முன் பின் சக்கரத்துக்கு பவரைப் பிரிச்சுக் குடுக்குற உள் கிளட்சை ஓயாம தேய்ச்சுட்டே இருக்கும்.

பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, கார் ஓடுச்சோ இல்லையோ. அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும், டிஓடி 4-ங்கற வகை பிரேக் ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரை கொதிக்காம தாங்கும், ஈரம் ஏறினா 155-க்கே இறங்கிடலாம், மலைப்பாதையில இறங்கும்போது பெடல் பஞ்சு மாதிரி ஆகுறது இதனால தான். செராமிக் பிரேக் போட்ட கார்னா வாங்குறதுக்கு முன்னாடியே டிஸ்க் நிலைமையை செக் பண்ணிடுங்க, நாலு டிஸ்க் விலையைக் கேட்டீங்கன்னா இன்னொரு கார் ஞாபகம் வரும். தினசரி ஓட்டத்துக்கு இரும்பு டிஸ்க்கே தாராளம்.

முன்னாடி ரேடியேட்டர் இருக்குற 911, பாக்ஸ்டர் வச்சிருக்கீங்கன்னா பம்பர் ஓட்டைக்குள்ள பாத்திருக்கீங்களா? பாக்காதவங்க பாருங்க, ஒரு வருஷத்து இலை தழை, சிகரெட் துண்டு, பாலிதீன் கவர் எல்லாம் அங்க குடித்தனம் நடத்தும். அது ஈரத்தை பிடிச்சு வச்சு ஏசி கண்டென்ஸரையும் ரேடியேட்டரையும் அரிச்சு எடுக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் பம்பரைக் கழட்டி சுத்தம் பண்ணுங்க, அரை நாள் வேலை, ஒரு ஏசி கேஸ் பில் மிச்சம்.

ஸ்பீட் பிரேக்கர்ல நேரா ஏறாதீங்க, கோணலா ஒரு சக்கரம் ஒரு சக்கரமா ஏத்துங்க. நடைபாதை கல்லு பக்கம் மூக்கை விட்டு பார்க் பண்ணாதீங்க, ரிவர்ஸ் எடுக்கும்போது தான் பம்பரோட கீழ் லிப்பு மாட்டிட்டு பிச்சுட்டு வரும். இன்சூரன்ஸ்ல தினமும் வேலைக்குப் போக ஓட்டுறேன்னு உண்மையை எழுதுங்க, எக்ஸாஸ்ட் மாத்திருந்தா அதையும் சொல்லிடுங்க, கார் மதிப்பு எவ்வளவுன்னு முன்னாடியே பேசி எழுதி வாங்குற பாலிசி கிடைச்சா அதை எடுங்க, இல்லன்னா ஏதாச்சும் ஆச்சுன்னா அவங்க சொல்ற விலை தான்.

ரெண்டாவது வண்டி ஒண்ணு வீட்டுல இருக்கட்டும், மோசமான பழைய வண்டியா இருந்தாலும் போதும். ஸ்போர்ட்ஸ் கார் பார்ட்ஸ் எல்லாம் இன்னிக்கு ஆர்டர் போட்டா நாளைக்கு வராது, மூணு வாரம் ஒர்க் ஷாப்ல நிக்கும், அந்த மூணு வாரம் வேற வண்டி இல்லன்னா அவசரத்துல "ஏதாச்சும் ஒண்ணைப் போட்டு ஓட்டக் குடுப்பா"ன்னு நீங்களே சொல்லுவீங்க. ரெண்டு வாரம் வெளியூர் போறீங்கன்னா பேட்டரியை சார்ஜ் இறங்காம வச்சிருக்குற மெயின்டெய்னர் மாட்டிட்டு போங்க, இந்த கார்ல லாக் பண்ணி நின்னாலும் அலாரம், கன்ட்ரோல் யூனிட்னு எதாச்சும் ஒண்ணு கரண்ட் இழுத்துட்டே இருக்கும், அதுவும் டிக்கி முன்னாடி இருந்து பேட்டரி அதுக்குள்ள இருந்து டிக்கியும் கரண்ட்ல திறக்குற காருன்னா பேட்டரி செத்தப்புறம் பேட்டரியைத் தொடவே வழி தேடணும். புத்தகத்துல எமர்ஜென்சி வழி போட்டிருப்பாங்க, அதை இப்பவே, வெளிச்சத்துல, ஒரு தடவை செஞ்சு பாத்து வச்சுக்கோங்க.

அப்புறம் நடு ரோட்ல நின்னுடுச்சுன்னா கயிறு கட்டி இழுக்க விடாதீங்க, முழுசா மேல ஏத்துற பிளாட் பெட் வண்டி தான் கேக்கணும், போன் பண்ணும்போதே "கார் ரொம்ப தாழ்வு"ன்னு சொல்லிடுங்க. இழுக்குற கொக்கி டூல் கிட்ல தனியா இருக்கும், பம்பர்ல சின்ன மூடியைத் திறந்து திருகி மாட்டணும், பழைய ஓனர் அதைத் தொலைச்சிருக்காரான்னு இன்னிக்கே பாருங்க. என் டிக்கியில ரெண்டு மரப்பலகை எப்பவும் கிடக்கும், அந்த வண்டிக்காரங்க சாய்வுப் பலகையில ஏத்தும்போது மூக்கு இடிக்காம இருக்க சக்கரத்துக்கு அடியில வைக்க. இதுவரைக்கும் ரெண்டு தடவை உதவிருக்கு.