கடன் வீட்டை வாடகைக்கு விட்டு மாட்டிக்கொண்டேன்: என் அனுபவம்

கோத்தகிரியில் வங்கிக் கடனில் வாங்கிய வீடு. கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்ததும் பூட்டிப் போட மனமில்லை, இந்தக் குளிரில் ஒரு மழைக்காலம் ஆளில்லாமல் கிடந்தால் சுவரெல்லாம் பூசணம் பிடித்துவிடும், அதனால் தெரிந்த குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டேன். வங்கியிடம் சொல்லவில்லை. தவணைதான் ஒழுங்காகக் கட்டுகிறோமே என்ற தைரியம்.

கூரை வேலைக்குக் கூடுதல் கடன் கேட்டபோது வீட்டைப் பார்க்க வங்கியிலிருந்து வந்தவருக்குக் கதவைத் திறந்தது குடித்தனக்காரர். போச்சு!

அப்புறம்தான் கடன் பத்திரத்தை முழுதாகப் படித்தேன். 1882ஆம் வருட சொத்து மாற்றுச் சட்டம் 65ஏ பிரிவின்படி, அடமானம் வைத்தவர் தன் அனுபவத்தில் உள்ள வீட்டை அதிகபட்சம் 3 வருடம் வரை வாடகைக்கு விடலாம். ஆனால் பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் செல்லும். என் பத்திரத்தில் முன் அனுமதி வேண்டும் என்று தெளிவாகவே இருந்தது.

மழுப்பாமல் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதி, 11 மாத ஒப்பந்த நகலையும் இணைத்துத் தடையில்லாச் சான்று கேட்டேன். மூன்று தடவை மலையேற வைத்தார்கள், ஆனால் கொடுத்தார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தையும் பதிவு செய்தேன். வாடகையை வருமான வரிக் கணக்கில் காட்டினேன், 30 சதவீதம் கழிவு உண்டு. கூரை வேலை இப்போது நடக்கிறது.