ஓட்ட ஜாலியான காரா, செலவு வைக்காத காரா? பழைய போலோ vs ஸ்விஃப்ட்

இந்தியால 2022லயே தயாரிப்பு நின்னு போன ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல் இன்ஜின்) மேல இன்னும் நிறைய பேருக்கு ஆசை இருக்கு, தப்பில்ல, 110 பிஎஸ் பவர், 175 என்எம் டார்க் (இழுவை), கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல ஏத்தினா சிரிப்பு தானா வரும். ஸ்விஃப்ட் 1.2 அந்த அளவுக்கு இழுக்காது, ஆனா சின்ன ஊர் மெக்கானிக் கூட கண்ண மூடிட்டு பிரிச்சு மாட்டுவாரு.

முதல்ல உங்க ஓட்டத்த பாருங்க. மாசம் 1000 கிமீ, எல்லாம் சிட்டி டிராஃபிக்னா, லிட்டருக்கு போலோ 12 கிமீ, ஸ்விஃப்ட் 18 கிமீ குடுக்குதுன்னு வச்சுக்கங்க, மாசம் 28 லிட்டர் வித்தியாசம், லிட்டர் 100 ரூபான்னா 2800 போச்சு, அந்த டிராஃபிக்ல டர்போவ வச்சு என்னத்த பண்ண.

வாரா வாரம் ஹைவே, மலைன்னு போறவரா, தாராளமா போலோ எடுங்க, ஆனா அதுக்கு முந்தி வந்த 1.2 டிஎஸ்ஐ ஆட்டோமேட்டிக் பக்கம் போகாதீங்க, அதுல இருக்கற டிஎஸ்ஜி (ரெண்டு கிளட்ச் வச்ச ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸோட மெக்கட்ரானிக்ஸ் (கியர் மாத்தற கன்ட்ரோல் யூனிட்) போச்சுன்னா பில்ல பாத்து வண்டிய வித்துரலாமான்னு தோணும். சர்வீஸ் ஹிஸ்டரி இல்லாத டர்போ வண்டி எவ்ளோ சீப்பா வந்தாலும் வேணாம். விலைக்கு மேல ஒரு 50,000 ரிப்பேருக்குன்னு தனியா ஒதுக்க முடியலயா, அப்போ ஸ்விஃப்ட் தான். ரெண்டையும் ஒரே நாள்ல, ஒரே ரோட்ல ஓட்டி பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.