மலை நகரின் மழைநீர் வடிகாலையும் பாதாள சாக்கடையையும் ஸ்விம் 5.2-இல் மாதிரியாக அமைக்கும் முறை

உதகையில் கனமழை பெய்யும்போதெல்லாம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள ரயில்வே பாலத்தின் அடியில் நீர் தேங்குவதை ஊரே அறியும். அத்தகைய இடங்களை ஆராயும்போது, வடிகால் சிறியது, அதைப் பெரிதாக்க வேண்டும் என்ற முடிவுக்கே நாம் முதலில் வந்துவிடுகிறோம். ஆனால் சரிவான சாலையில் வேகமாக இறங்கும் நீர் வடிகாலுக்குள் நுழையாமல், சாலை மேற்பரப்பிலேயே ஓடித் தாழ்வான இடத்தை அடைந்துவிடுவது மலை நகரங்களில் மிகவும் இயல்பு. வடிகாலின் கொள்ளளவு போதுமா என்று கேட்பதற்கு முன், நீர் அதற்குள் போகிறதா என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு எண்களில் விடை தரும் வசதி இப்போது ஸ்விம் என்ற இலவச மென்பொருளிலேயே கிடைக்கிறது. நகராட்சிப் பொறியாளர்களும் ஆலோசகர்களும் கட்டடப் பொறியியல் மாணவர்களும் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதற்காகவே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக 1971-இல் முதன்முதலில் உருவாக்கப்பட்டது ஸ்டார்ம் வாட்டர் மேனேஜ்மென்ட் மாடல். துறையில் இருப்பவர்கள் அதைச் சுருக்கமாக ஸ்விம் என்பார்கள். 2022-இல் வெளியான அதன் 5.2 பதிப்பில் சாலையின் குறுக்குவெட்டு, நீர் நுழைவாய், தொட்டிகளுக்கான புதிய வடிவங்கள், கட்டுப்பாட்டு விதிகளில் மாறிகளையும் கணக்குக் கோவைகளையும் எழுதும் வசதி ஆகியவை சேர்க்கப்பட்டன. இவற்றுள் மலை நகரங்களுக்கு மிகவும் பயன்படுபவை முதல் இரண்டும்தான்.

பழைய கோப்பைப் புதிய பதிப்புக்கு மாற்றுதல்

ஏற்கெனவே 5.1-இல் அமைத்த மாதிரி இருந்தால் அதன் நகல் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு, எதையும் மாற்றாமல் 5.2-இல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இரண்டு பதிப்புகளின் அறிக்கைகளிலும் உச்ச ஓட்டங்களையும் நீர்க்கணக்குப் பிழையின் (உள்ளே வந்த நீருக்கும், வெளியேறிய, தேங்கிய நீருக்கும் இடையே கணக்கில் வரும் வித்தியாசத்தின்) விழுக்காட்டையும் ஒப்பிட்ட பிறகே புதிய உறுப்புகளைச் சேர்க்கத் தொடங்க வேண்டும். சாலையையும் நுழைவாயையும் சேர்த்த கோப்பைப் பழைய பதிப்பு ஏற்காது என்பதால் இந்த நகல் அவசியம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஓட்ட அலகாக எல்.பி.எஸ். (நொடிக்கு லிட்டர்) அல்லது சி.எம்.எஸ். (நொடிக்குக் கன மீட்டர்) என்பதை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிட வேண்டும். அந்த ஒரு தேர்வுதான் நீளம், பரப்பு, மழை அளவு என மற்ற எல்லா அலகுகளையும் மெட்ரிக் முறைக்கு மாற்றுகிறது. ஓட்டக் கணக்கீட்டுக்கு டைனமிக் வேவ் முறையைத் தேர்ந்தெடுங்கள். பின்னோக்கித் தேங்கும் நீரைக் கணக்கிட வல்லது அது மட்டுமே.

மழைத் தரவைப் பற்றி ஒரு வார்த்தை

நீலகிரியின் மேற்குப் பகுதிகளான அவலாஞ்சி, கூடலூர், தேவாலா ஆகியவற்றுக்குத் தென்மேற்குப் பருவமழையே முதன்மையானது. குன்னூரும் கோத்தகிரியும் வடகிழக்குப் பருவமழையில்தான் பெரிய மழையைக் காண்கின்றன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.-க்கும் மேல் மழை பதிவானது என்பதற்காக அந்தத் தரவைக் குன்னூர் வடிகாலுக்குப் பயன்படுத்துவது பொருந்தாது. மாதிரி அமைக்கும் இடத்தின் சரிவில் இருக்கும் மழைமானியையே தேட வேண்டும்.

அதைவிட முக்கியமானது தரவின் கால இடைவெளி. ஒரு நாளில் 60 மி.மீ. என்ற தினசரிப் பதிவை அப்படியே கொடுத்தால், மென்பொருள் அதை 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பரப்பி மணிக்கு 2.5 மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும். அந்த மழைக்கு எந்தத் தெருவிலும் நீர் தேங்காது. உண்மையில் அதில் 40 மி.மீ. ஒரே மணி நேரத்தில் கொட்டியிருந்தால், தீவிரம் 16 மடங்கு. மலைச்சரிவில் நீர் சில நிமிடங்களிலேயே கீழே வந்து சேர்ந்துவிடுவதால் 15 நிமிடம் அல்லது அதற்கும் குறைந்த இடைவெளியுள்ள தரவு வேண்டும். கிடைக்காத நிலையில் வடிவமைப்பு மழை ஒன்றை, அதாவது வடிவமைப்புக்காக நாமே தீவிரத்தையும் நேரத்தையும் வகுத்துக்கொள்ளும் மழையை, உருவாக்கிப் பயன்படுத்துவது, தினசரிப் பதிவை நம்புவதைவிடப் பன்மடங்கு மேலானது.

சாலையை வரைதல்

திட்டப் பட்டியலில் ஹைட்ராலிக்ஸ் என்ற பிரிவின் கீழ் ஸ்ட்ரீட்ஸ், இன்லெட்ஸ் என்ற இரண்டு புதிய வகைகளைக் காண்பீர்கள். ஸ்ட்ரீட்ஸ் பகுதியில் சாலையின் நடுமுகட்டிலிருந்து ஓரக்கல் வரையிலான அகலம், ஓரக்கல்லின் உயரம், குறுக்குச் சரிவு, மேற்பரப்பின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் கெழு, ஓரக் கால்வாயின் அகலம், அதன் கூடுதல் பள்ளம் ஆகியவற்றைக் கேட்கும். சமவெளி நகரச் சாலை நடுவில் மேடாகவும் இருபுறமும் சரிவாகவும் இருக்கும். மலைச் சாலை பெரும்பாலும் மலைப்பக்கமாக மட்டுமே சாய்ந்து, அந்த ஓரத்தில் மட்டுமே வடிகாலைக் கொண்டிருக்கும். எனவே இருபக்கச் சாலை என்பதற்குப் பதிலாக ஒருபக்கச் சாலை என்பதைத் தேர்ந்தெடுத்து, சாலையின் முழு அகலத்தையும் முகட்டிலிருந்து ஓரக்கல் வரையிலான அகலமாகக் கொடுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் ஓரத்தில் ஓடும் நீர் பாதியாகக் கணக்கிடப்படும். அதன் பிறகு வரும் எந்த முடிவும் நம்பத்தக்கதாக இராது.

அடுத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு கணுக்கள் (இணைப்புகள் கூடும் புள்ளிகள்) தேவை: சாலை மட்டத்தில் ஒன்று, அதன் கீழுள்ள வடிகாலில் ஒன்று. சாலை மட்டக் கணுக்களைச் சாலைக் குறுக்குவெட்டு கொண்ட இணைப்புகளாலும், கீழ்மட்டக் கணுக்களைக் குழாய் அல்லது கல்கட்டு வாய்க்கால் இணைப்புகளாலும் தொடுத்தால், ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வலைப்பின்னல்கள் உருவாகும். துணை நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலிருந்து வரும் நீரை மேல்வலைக்கே அனுப்ப வேண்டும். பலர் பழக்கத்தின் காரணமாக நேராகக் கீழ்வலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மழை முழுவதும் வடிகாலுக்குள் போய்விட்டதாகவே மாதிரி கருதும்.

நுழைவாய்தான் முடிவு செய்கிறது

இன்லெட்ஸ் பகுதியில் கம்பி மூடி, ஓரக்கல் திறப்பு, இரண்டும் சேர்ந்தது, நீண்ட பிளவு வடிகால், பயனர் தாமே வரையறுக்கும் வகை எனப் பல உண்டு. கணக்கீடு அமெரிக்க நெடுஞ்சாலை நிர்வாகத்தின் ஹெக்-22 கையேட்டு முறையைப் பின்பற்றுகிறது. வகையை வரையறுத்த பின், சாலை இணைப்பின் பண்புகளில் இன்லெட்ஸ் என்ற வரியைத் திறந்து, நீரை ஏற்கும் கீழ்மட்டக் கணு, நுழைவாய்களின் எண்ணிக்கை, அடைப்பின் விழுக்காடு, அமைவிடம் சரிவிலா பள்ளத்திலா என்பவற்றைக் குறிப்பிடுங்கள்.

சரிவு என்ன செய்கிறது என்பதைக் கையால் ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. அரை ஹெக்டேர் பரப்பில் மணிக்கு 60 மி.மீ. மழை பெய்து, அதில் 60 விழுக்காடு ஓடிவந்தால், சாலை ஓரத்தில் நொடிக்கு 50 லிட்டர் நீர் சேரும். மேனிங் கெழு 0.016, குறுக்குச் சரிவு 3 விழுக்காடு, ஓரக் கால்வாய்க்குக் கூடுதல் பள்ளம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். சாலையின் நீளச் சரிவு 1 விழுக்காடாக இருந்தால், அந்த நீர் முழுவதையும் உள்வாங்க ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளமுள்ள ஓரக்கல் திறப்பு வேண்டும். 8 விழுக்காடாக இருந்தால் 10.7 மீட்டர் வேண்டும். நம்மிடம் இருப்பது ஒரு மீட்டர் திறப்பு மட்டுமே என்றால், முதல் சாலையில் அது 29 விழுக்காட்டு நீரைப் பிடிக்கும்; மலைச் சாலையில் 16 விழுக்காட்டை மட்டுமே பிடிக்கும். தைல மரத்து இலைகளும் பட்டைகளும் காய்கறித் தோட்டங்களிலிருந்து அடித்துவரப்படும் மண்ணும் அந்தத் திறப்பைப் பாதி அடைத்துவிட்டால் 16 என்பது 8 ஆகிவிடும். மீதி 92 விழுக்காடு அடுத்த திருப்பத்துக்கும், அதற்கடுத்த திருப்பத்துக்கும், இறுதியில் கடைவீதிக்கும் இறங்கும். அந்த வடிகாலை எத்தனை பெரிதாகக் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. மலை நகரத் திட்ட மதிப்பீடுகளில் நுழைவாய்க்கு ஒதுக்கும் கவனம் வடிகாலின் அகலத்துக்கு ஒதுக்கும் கவனத்தில் பாதியாவது இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

அடைப்பின் விழுக்காட்டைச் சுழியம் என்று விட்டுவிடாதீர்கள். 0, 50 என இரண்டு மதிப்புகளுக்கும் தனித்தனியே ஓட்டினால், தூர்வாருவதால் மட்டும் எவ்வளவு நீர் குறையும் என்பது தெரிந்துவிடும். சாலையின் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்து அமைக்கும் குறுக்கு வடிகால் நம் மலைச் சாலைகளில் பரவலாக உண்டு. அது பட்டியலிலுள்ள ஆயத்த வகைகளுக்குள் சரியாகப் பொருந்தாது என்பதால், வரும் ஓட்டத்துக்கும் பிடிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு வளைவரையாகக் கொடுத்து, பயனர் வரையறுக்கும் வகையாகச் சேர்க்க வேண்டும்.

மாதிரியை ஓட்டியதும் அறிக்கையில் சாலை ஓட்டச் சுருக்கம் என்ற அட்டவணையைத் திறங்கள். நீர் சாலையில் எவ்வளவு அகலத்துக்குப் பரவியது, உச்ச நேரத்தில் நுழைவாய் எத்தனை விழுக்காட்டைப் பிடித்தது, எவ்வளவு நேரம் நீர் தப்பிச் சென்றது, எவ்வளவு நேரம் வடிகால் நிரம்பி நீர் திரும்பச் சாலைக்கு வந்தது என்பவை அதில் இருக்கும். தப்பிச் செல்லும் நேரம் அதிகமாகவும் திரும்பி வரும் நேரம் சுழியமாகவும் இருந்தால் நுழைவாய்களைக் கூட்டுங்கள். திரும்பி வரும் நேரம் அதிகமாக இருந்தால்தான் வடிகாலைப் பெரிதாக்கும் பேச்சுக்கே இடம் உண்டு.

பாதாள சாக்கடை

கழிவுநீர்க் குழாய்க்கு அன்றாட ஓட்டத்தை முதலில் கொடுக்க வேண்டும். மத்திய அரசின் பொதுச் சுகாதாரப் பொறியியல் அமைப்பான சி.பி.எச்.இ.இ.ஓ.-வின் கையேடு பாதாள சாக்கடை உள்ள நகரங்களுக்கு நபருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் குடிநீரையும், அதில் 80 விழுக்காடு கழிவுநீராக வருவதையும் கொள்கிறது. 20,000 பேருக்கு உட்பட்ட பகுதிக்கு உச்சக் காரணி, அதாவது உச்ச ஓட்டம் சராசரியைப் போல எத்தனை மடங்கு என்பது, 3. பத்து ஹெக்டேரில் 1,500 பேர் வாழும் ஒரு குடியிருப்பை எடுத்துக்கொண்டால் சராசரி ஓட்டம் நொடிக்கு 1.9 லிட்டர், உச்சம் 5.6 லிட்டர்.

இப்போது மழையைச் சேருங்கள். மொட்டைமாடிக் குழாயைப் பாதாள சாக்கடையில் இணைத்துவிட்ட வீடுகளாலும், விரிசல் விட்ட ஆள்நுழைவுக் குழிகளாலும் மழைநீர் உள்ளே புகுகிறது. ஸ்விம் இதை ஆர், டி, கே என்ற மூன்று எண்களால் கணக்கிடுகிறது: புகும் மழையின் பங்கு, உச்சத்தை அடைய ஆகும் நேரம், வடியும் நேரத்துக்கும் ஏறும் நேரத்துக்கும் உள்ள விகிதம். இது புதிய வசதி அன்று. ஆனாலும் நம் ஊர்களில் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்படுகிறது. மேற்சொன்ன பத்து ஹெக்டேரில் 20 மி.மீ. மழை ஒரே அடியாகக் கொட்டி, அதில் 5 விழுக்காடு மட்டும் சாக்கடைக்குள் புகுந்து, ஒரு மணி நேரத்தில் உச்சத்தையும் மேலும் இரண்டு மணி நேரத்தில் வடிதலையும் கண்டால், உள்ளே புகும் நீர் 100 கன மீட்டர். அதன் உச்சம் நொடிக்கு 18.5 லிட்டர். அன்றாட உச்சத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல். மழை நாளில் ஆள்நுழைவுக் குழியின் மூடி பொங்கிக் கழிவுநீர் உதகையின் கோடப்பமந்து கால்வாய் போன்ற நீர்வழிகளுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போவதற்கு இத்தகைய ஓட்டமே வழி செய்கிறது.

சுற்றுலாப் பயணிகளின் வரவை மாதவாரிப் பெருக்கல் எண்களாகக் கொடுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களின் முதல் சீசனுக்கு மட்டும் பெருக்கிவிட்டு நிறுத்திவிடுவது போதாது. செப்டம்பர், அக்டோபரில் வரும் இரண்டாவது சீசன் வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு சேர்ந்துகொள்கிறது; கூட்டமும் மழையும் ஒன்றாக வரும் அக்டோபருக்கு மாதிரியைத் தனியாக ஓட்டிச் சோதித்தே ஆக வேண்டும்.

செங்குத்தான குழாய் பள்ளத்தாக்கின் சமதளக் குழாயில் சேரும் இடத்தில் கணக்கீடு அலைபாயும். இதற்கு, நிரம்பிய குழாயைக் கணக்கிடும் முறையாக ப்ரைஸ்மன் ஸ்லாட் என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள், 2018-இன் 5.1.013 பதிப்பிலேயே இது வந்துவிட்டது. கணக்கீட்டின் கால இடைவெளியை ஒரு நொடி அல்லது அதற்கும் குறைவாக வைத்து, நீர்க்கணக்குப் பிழை ஒரு விழுக்காட்டுக்குள் வரும்வரை சரிசெய்யுங்கள். திசைவேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தாண்டும் குழாய்களைக் குறித்துக்கொண்டு, அங்கே சரிவைக் குறைத்து, ஆழ இறக்கம் கொண்ட குழிகளை அமைக்க வேண்டும்.

மீதமுள்ள வசதிகள்

தொட்டிகளுக்கு இப்போது உருளை, கூம்பு, பிரமிடு வடிவங்களை அளவுகளோடு நேரடியாகக் கொடுக்கலாம். பரப்பு அட்டவணை தயாரிக்கும் வேலை மிச்சம். நீரேற்று நிலையம் இருந்தால், கடந்த சில மணி நேரத்தில் பெய்த மொத்த மழையைப் பார்த்து மோட்டாரை முன்கூட்டியே இயக்கும் விதியை எழுதலாம்.

மழைநீரை மண்ணில் இறக்கும் அமைப்புகளை மட்டும் மிகுந்த எச்சரிக்கையோடு கையாள வேண்டும். உறிஞ்சுகுழியும் ஊடுருவல் அகழியும் சேர்த்தால் ஸ்விம்மின் அறிக்கையில் உச்ச ஓட்டம் அழகாகக் குறையும். ஆனால் சரிவு நிலையாக நிற்குமா என்பதை அந்த மென்பொருள் கணக்கிடுவதே இல்லை. 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பகுதிகளில் நேர்ந்த நிலச்சரிவுகளில் எத்தனையோ உயிர்கள் போயின. நீர் ஊறி எடை கூடிய மண் என்ன செய்யும் என்பதை நீலகிரி கண்டிருக்கிறது. வீடுகளுக்கு மேலேயுள்ள சரிவுகளில் ஊடுருவல் அமைப்புக்குப் பதிலாகக் கூரைநீரைப் பிடித்து வைக்கும் தொட்டிகளையே மாதிரியில் சேருங்கள். ஊடுருவல் தேவை என்று கருதினால் மண்ணியல் வல்லுநரின் ஒப்புதலைப் பெற்ற இடங்களில் மட்டும் சேருங்கள்.

அறிக்கையை நகராட்சியிடம் ஒப்படைக்கும்போது பதிப்பின் எண், மழைத் தரவின் கால இடைவெளி, ஒவ்வொரு நுழைவாய்க்கும் எடுத்துக்கொண்ட அடைப்பின் விழுக்காடு ஆகியவற்றை முதல் பக்கத்திலேயே எழுதி, உள்ளீட்டுக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த மழைக்காலத்தில் இரண்டு மூன்று ஆள்நுழைவுக் குழிகளில் நீர்மட்டத்தை அளந்து அந்தக் கோப்பைத் திருத்துபவருக்கு அவை மூன்றும் முதலில் தேவைப்படும்.