சதுப்பில் விழும் இலை எங்கே போகிறது? நைலான் பை வைத்துப் பாருங்கள்

பிச்சாவரம் மாதிரி, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலைச் சேரும் இடங்களுக்கு இடைப்பட்ட அலையாத்திக் காட்டில் சத்து எப்படிச் சுழல்கிறது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், நைலான் வலைப் பை போதும். காப்புக்காடு என்பதால் முதலில் வனத்துறை அனுமதி வாங்கிவிடுங்கள்.

தானாக உதிரப்போகும் மஞ்சள் இலைகளையே எடுங்கள். பச்சை இலை வேண்டாம், ஏனென்றால் மரம் இலையை உதிர்க்கும் முன் அதிலுள்ள நைட்ரஜனில் ஒரு பங்கைத் திரும்ப இழுத்துக்கொள்ளும், பச்சையைப் பறித்தால் கணக்கே தப்பு. நிழலில் உலர்த்தி, பைக்கு 20 கிராம் எடைபோட்டு, அங்குள்ள அலையாத்தி மரங்களில் வெண்கண்டல் இலை தனியாக, சுரபுன்னை இலை தனியாகக் கட்டுங்கள். தண்ணீர் வற்றும் நேரத்தில் போய்க் குச்சி நட்டு அதில் கட்டி விடுங்கள்.

வாரம் ஒரு பை எடுத்து, சேற்றை மெதுவாக அலசி, காயவைத்து எடை பாருங்கள். முதலில் எடை மளமளவென்று குறையும். அது அழுகல் இல்லை, கரையக்கூடியது தண்ணீரில் போவது. அப்புறம்தான் பாக்டீரியாவும் பூஞ்சையும் வேலையைத் தொடங்கும். சுரபுன்னையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம், மெதுவாகத்தான் மக்கும்.

சரி, இலையைத் தின்னும் நண்டு? சின்னக் கண் வலைக்குள் அது நுழையாது. பெரிய கண் பை ஒன்றையும் பக்கத்திலேயே கட்டினால் நண்டின் பங்கு தெரிந்துவிடும். குச்சியைப் பிடுங்கும்போது கறுப்புச் சேறும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் பயப்படாதீர்கள், ஆக்சிஜன் இல்லாத சேற்றில் ஆக்சிஜனுக்குப் பதில் கடல்நீரின் சல்பேட்டை வைத்து நுண்ணுயிர்கள் மூச்சுவிடுகின்றன, அதில் வரும் வாயுவின் நாற்றம்தான், அவ்வளவுதான்.